ஞாபகம் எப்பிடி வருது, எப்பிடிப் போகுது: பிள்ளையளும் அம்மாமாரும் என்னட்டக் கேக்கிற கேள்விகள்

நான் வெள்ளவத்தையில ஏ/எல் பிள்ளையளுக்கு பயோ படிப்பிக்கிறன். நரம்புத்தொகுதி தொடங்கினா காணும், பிள்ளையள் சிலபஸை விட்டுட்டு ஞாபகத்தைப் பற்றித்தான் கேப்பினம். வகுப்பு முடிஞ்சு கூட்டிக்கொண்டு போக வந்து வாசல்ல நிக்கிற அம்மாமார் வேற மாதிரிக் கேப்பினம், ஏனெண்டா அவையில கனபேருக்கு வீட்டில வயசான ஒரு ஆள் இருக்கு. எங்கட அம்மம்மாவுக்கும் மறதி தொடங்கி நாலு வருசமாச்சு. ஒவ்வொருத்தருக்கும் வாசல்ல நிண்டு அரைகுறையா சொல்லுறத விட ஒருக்கா வடிவா எழுதி வச்சா உதவும் எண்டு நினைச்சன். நான் டொக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறன்.

ஞாபகம் மூளையில எந்த இடத்தில இருக்கு?

ஒரு இடத்தில இல்ல. பள்ளிக்கூடக் காலத்தில 100 பஸ்ஸில போன ஒரு நாளை நினைச்சுப் பாருங்கோ. கொண்டக்டர் "பாணந்துற பாணந்துற" எண்டு கத்தின சத்தம் காதுக்குப் பக்கத்தில இருக்கிற மூளைப் பகுதியில, ஒழுங்கைக்குள்ளால கடல் தெரிஞ்ச காட்சி பின் மண்டைப் பக்கம், டீசல் மணம் இன்னொரு இடத்தில, பிடிச்சுக்கொண்டு நிண்ட கம்பி கைக்குத் தந்த உணர்வு வேற ஒரு இடத்தில. பூ எல்லாம் இப்பிடி சிதறிக் கிடக்கு, அதுகளை ஒரு மாலையா கட்டுற நார் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உள்பக்கமா ஆழத்தில, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு இருக்கு. வெட்டிப் பாத்தா கடற்குதிரை மாதிரி இருக்கும், அந்தக் கிரேக்கச் சொல்லுத்தான் பேராவும் வந்தது.

ஹிப்போகாம்பஸ் இல்லாட்டி என்ன நடக்கும்?

இதுக்கு விடை தந்தவர் ஹென்றி மொலைசன் எண்ட அமெரிக்கர். உயிரோட இருந்த காலம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரையளில எச்.எம். எண்ட ரெண்டு எழுத்துத்தான் அவற்ற பேர். கடுமையான வலிப்பு வருத்தம் இருந்ததால 1953இல, 27 வயசில, டொக்டர் ஸ்கோவில் அவருக்கு ஒப்பரேசன் செய்து ரெண்டு பக்க ஹிப்போகாம்பஸிலயும் பெரும்பகுதிய எடுத்திட்டார். வலிப்பு நல்லா குறைஞ்சுது, ஆனா அதுக்குப் பிறகு புதுசா நடக்கிற ஒரு சம்பவத்தையும் அந்த மனுசனால மனசில வச்சிருக்க முடியேல்ல. பிரெண்டா மில்னர் எண்ட ஆராய்ச்சியாளர் வருசக்கணக்கா அவரோட வேலை செய்தவ, ஒவ்வொரு தரமும் புதுசா ஒரு ஆளைச் சந்திக்கிற மாதிரித்தான் அவர் அவவைப் பாத்தவர்.

ஆனா கேளுங்கோ, மில்னர் அவரிட்ட ஒரு நட்சத்திரப் படத்தைக் குடுத்து, கையைப் பாக்காம கண்ணாடியில தெரியிறத மட்டும் பாத்து அதின்ர கோட்டைச் சுத்தி வரையச் சொன்னவ. முதல் நாள் எல்லாரையும் போல தடுமாறினார், மூண்டாம் நாள் வடிவா வரைஞ்சார், ஆனா முந்தி வரைஞ்சதே ஞாபகம் இல்ல எண்டு சொன்னார். கை பழகினது, ஆளுக்குத் தெரியாது. அண்டைக்குத்தான் ஞாபகம் எண்டுறது ஒண்டு இல்ல, பல வகை எண்டு தெளிவாச்சு: நடந்த சம்பவங்கள் ஒரு வகை, "கண்டியில தலதா மாளிகை இருக்கு" மாதிரி தகவல் இன்னொரு வகை, சைக்கிள் ஓடுறது, இடியப்பம் பிழியிறது மாதிரி கைப்பழக்கம் வேற ஒரு வகை, கைப்பழக்கத்துக்கு ஹிப்போகாம்பஸ் பெரிசாத் தேவையில்ல. அவர் 2008இல 82 வயசில இறந்தவர். படிப்பிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மனுசனை நினைச்சுக் கவலை வரும், தனக்கு நடந்ததால உலகம் எவ்வளவு படிச்சுது எண்டு ஒருக்கா சொன்னாலும் அவருக்கு அது அடுத்த நிமிசம் நிக்காதே.

"பதியுது" எண்டு சொல்லுறமே, உண்மையா மூளைக்குள்ள என்ன மாறுது?

ஒரு நரம்புக்கலம் மற்றதுக்குச் செய்தி கடத்துற இடம் சினாப்ஸ். எங்கட மூளையில கிட்டத்தட்ட 8,600 கோடி நரம்புக்கலம், ஒவ்வொண்டுக்கும் ஆயிரக்கணக்கில சினாப்ஸ். ரெண்டு கலம் திரும்பத் திரும்ப ஒரே நேரத்தில வேலை செய்தா அதுகளுக்கு இடையில இருக்கிற தொடர்பு பலக்கும் எண்டு டொனால்ட் ஹெப் 1949இல எழுதினவர்.

நான் வகுப்பில இத ஒரு தொடர்மாடியை வச்சு விளங்கப்படுத்துவன். எதிர் வீட்டு ஆக்களை ஒரே நேரத்தில லிப்டில சந்திக்கிறீங்கள், முதல்ல ஒரு சிரிப்பு. அது கொஞ்ச நாள்ல மறந்து போகும். தொடர்ந்து சந்திச்சா கதை வரும், பேந்து கறி குடுத்து வாங்குவீங்கள், கடைசியா உங்கட வீட்டுத் திறப்பில ஒண்டு அவை வீட்டில இருக்கும். குறுகியகால ஞாபகம் அந்தச் சிரிப்பு, ஏற்கனவே இருக்கிற சினாப்ஸில ரசாயனம் கொஞ்சம் மாறுறது மட்டும்தான். நீண்டகால ஞாபகத்துக்கு கலத்தின்ர கருவுக்குள்ள ஜீன்கள் வேலை செய்து, புதுப் புரதம் செய்து, புது சினாப்ஸே முளைக்க வேணும். இத எரிக் கண்டெல் கடல் நத்தை ஒண்டில காட்டினவர், அதுக்கு இருக்கிறதே ஏறக்குறைய 20,000 நரம்புக்கலம்தான், அதால ஒவ்வொண்டா பின்தொடர்ந்து பாக்கக்கூடியதா இருந்தது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் வேற ரெண்டு பேருக்குமா குடுத்தவை.

போன் நம்பரைக் கேட்ட கையோட மறந்து போறனே?

அது வருத்தம் இல்ல. கேட்டதைக் கொஞ்ச நேரம் வச்சிருக்கிற இடம் ஒரு கைப்பிடி அளவுதான். ஜோர்ஜ் மில்லர் எண்ட உளவியலாளர் 1956இல அதில ஏழு விசயம் நிக்கும், ரெண்டு கூடலாம் குறையலாம் எண்டு சொன்னார், இப்ப உள்ள ஆராய்ச்சியாளர் நாலுக்குக் கிட்ட எண்டுதான் சொல்லினம். அதாலதான் பத்து இலக்கத்தைத் துண்டு துண்டா பிரிச்சுச் சொல்லுறம், 077 ஒரு துண்டு, மிச்சம் ரெண்டு துண்டு.

பிள்ளை இரவு பகலா படிக்கிறா, நோட்ஸ் முழுக்க ஹைலைட்டர் அடிச்சிருக்கிறா, எக்ஸாம் ஹோலுக்குப் போனா ஒண்டும் வருகுதில்லையாம். ஏன்?

வாசல்ல என்னைப் பிடிச்சு அதிகமா கேக்கிற கேள்வி இதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

ஜேர்மன் காரர் ஒருத்தர், ஹெர்மன் எபிங்ஹவுஸ், தன்னையே வச்சு அர்த்தமில்லாத அசையளைப் பாடமாக்கி எவ்வளவு நேரத்தில எவ்வளவு போகுது எண்டு அளந்து 1885இல புத்தகம் போட்டவர். 20 நிமிசத்தில கிட்டத்தட்ட 58 வீதம் மிச்சம், ஒரு மணித்தியாலத்தில 44, ஒரு நாளில 34 வீதமளவு, ஒரு மாதத்தில 21. பாருங்கோ, பெரிய இழப்பு முதல் நாளே நடந்து முடியுது, அதுக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் குறையுது. அதால இண்டைக்குப் படிச்சத நாளைக்கு ஒருக்கா, மூண்டு நாளில ஒருக்கா, கிழமை கழிச்சு ஒருக்கா தொட்டா, ஒரே நாள்ல நாலு தரம் வாசிக்கிறத விட நிக்கும்.

ஆனா "தொடுறது" எண்டா திரும்ப வாசிக்கிறது இல்ல. இதுதான் முக்கியம். ரோடிகர், கார்பிக் எண்ட ரெண்டு பேர் 2006இல ஒரு பரிசோதனை போட்டவை. கம்பஸ் பிள்ளையளில ஒரு கூட்டம் ஒரு பகுதிய ரெண்டு தரம் வாசிச்சுது, மற்றக் கூட்டம் ஒருக்கா வாசிச்சிட்டு பேப்பரைப் பாக்காம ஞாபகத்தில வந்தத எழுதிச்சுது. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டா வாசிச்ச கூட்டம் முன்னுக்கு, 81க்கு 75. ஒரு கிழமை கழிச்சுக் கேட்டா தலைகீழ், வாசிச்சவைக்கு 42 வீதம், எழுதிப் பாத்தவைக்கு 56. அதாவது உள்ளுக்கு போடுறதால மட்டும் ஞாபகம் பலக்கிறதில்ல, வெளிய எடுக்க எடுக்கத்தான் பலக்குது. ஹைலைட்டர் அடிச்ச பக்கத்தைப் பாக்கேக்க "ஓ இது தெரியும்" எண்டு மனசு சொல்லும், அது பழக்கமான முகத்தை ரோட்டில கண்டு தலையாட்டுற மாதிரி, பேரைச் சொல்லு எண்டா வராது. எக்ஸாமில கேக்கிறது பேரைத்தான்.

அதால அம்மாமாருக்கு நான் சொல்லுறது, பிள்ளையிட்ட கேள்வி கேளுங்கோ. உங்களுக்கு பயோ தெரியத் தேவையில்ல, புத்தகத்தை நீங்கள் வச்சுக்கொண்டு "சிறுநீரகத்தைப் பற்றி என்ன படிச்சனி, சொல்லு பாப்பம்" எண்டு கேட்டாலே காணும். பிழையா சொன்னாலும் பரவாயில்ல, உடன திருத்தினா அது இன்னும் நல்லா நிக்கும். பாஸ்ட் பேப்பரை கடைசி மாசத்துக்கு எண்டு கட்டி வைக்காம முதல் மாசத்தில இருந்தே செய்ய விடுங்கோ. எங்கட பழைய ஆக்கள் திண்ணையில பிள்ளையை இருத்தி வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொன்னதில இந்த விசயம் முழுசா இருந்திருக்கு.

ஹோலில வெறுமையாகிறதுக்கு பயமும் ஒரு காரணம். பயம் கூடேக்க கோர்ட்டிசோல் எண்ட ஹோர்மோன் ஏறும், அது ஹிப்போகாம்பஸில இருக்கிறத வெளிய எடுக்கிற வேலையைக் குழப்பும். படிச்சது போகேல்ல, கதவு இறுகிட்டுது. பேனையை வச்சிட்டு நாலைஞ்சு தரம் மெதுவா மூச்சு விட்டு, தெரிஞ்ச ஒரு சின்னக் கேள்வியில தொடங்கச் சொல்லுங்கோ.

விடிய விடிய முழிச்சிருந்து படிச்சா?

வேண்டாம். பகல்ல ஓடித் திரிஞ்ச எலியின்ர ஹிப்போகாம்பஸ், அது நித்திரையா இருக்கேக்க அதே கலங்களைத் திரும்பவும் சேத்து இயக்குது எண்டு வில்சனும் மக்நோட்டனும் 1994இல காட்டினவை. நித்திரையிலதான் பகல் படிச்சது ஹிப்போகாம்பஸில இருந்து மெல்ல மெல்ல மூளையின்ர மேற்பட்டைக்குப் போய் நிரந்தரமாகுது. நித்திரையைக் குறைச்சா படிச்சதின்ர ஒரு பங்கை நீங்களே எடுத்து எறியிற மாதிரி.

ஆள் தெரியுது, பேர் நாக்கு நுனியில நிக்குது, வருகுதில்ல?

அர்த்தம் ஒரு இடத்தில, சொல்லின்ர ஒலி இன்னொரு இடத்தில, ரெண்டுக்கும் நடுவில பாதை மெல்லிசு. பிரௌன், மக்னீல் எண்டவை 1966இல பாத்தவை, அப்பிடி நிக்கேக்க முதல் எழுத்து என்ன, எத்தினை அசை எண்டு ஆக்கள் அடிக்கடி சரியா சொல்லினம். ஆட்கள் பேர்தான் மோசம், ஏனெண்டா பேருக்கும் ஆளுக்கும் இயல்பா ஒரு தொடர்பும் இல்ல. விட்டுட்டு வேற வேலை பாருங்கோ, குசினிக்குள்ள நிக்கேக்க வரும்.

ஒரு மணம் வந்தா ஏன் திடீரெண்டு பழைய காலம் முழுக்க வருது?

பாக்கிறது, கேக்கிறது எல்லாம் தலாமஸ் எண்ட சந்தியால போய்த்தான் மேல போகும். மணம் அந்தச் சந்திக்குப் போகாம நேர, பயம் மாதிரி உணர்ச்சியளைக் கவனிக்கிற அமிக்டலா எண்ட பகுதிக்கும் ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்துப் பகுதிக்கும் போகுது. அதாலதான் பனங்கட்டி மணந்தா ஊர் வீடு சிந்திக்க முந்தியே வந்து நிக்குது.

83 கலவரம், சுனாமி எல்லாம் நேற்று மாதிரி இருக்கு. ஆனா ஒரே வீட்டில இருந்த நாங்கள் ரெண்டு பேரும் வேற வேற மாதிரிச் சொல்லுறம். ஆர் பொய் சொல்லுறது?

ஒருத்தரும் இல்ல. பயம், அதிர்ச்சி வரேக்க அமிக்டலா வேலை செய்து, அட்ரினலின் ஏறி, "இத விடாத" எண்டு மூளைக்குச் சொல்லுது, அதால அந்தச் சம்பவங்கள் ஆழமாத்தான் பதியும். ஆனா தெளிவா இருக்கிறதும் சரியா இருக்கிறதும் வேற வேற. 1986 ஜனவரியில சலஞ்சர் விண்கலம் வெடிச்ச அடுத்த நாள் காலமை, செய்தியை எங்க எப்பிடிக் கேள்விப்பட்டீங்கள் எண்டு கம்பஸ் பிள்ளையளிட்ட நைசர், ஹார்ஷ் எண்ட ரெண்டு பேர் எழுதி வாங்கினவை. ரெண்டு மூண்டு வருசம் கழிச்சுத் திரும்பக் கேட்டா கனபேர் பிழையா, ஆனா முழு நம்பிக்கையோட சொன்னவை. அவையின்ர சொந்தக் கையெழுத்தைக் காட்டின பிறகும் அந்தப் பழைய ஞாபகம் திரும்பி வரேல்ல.

2004 டிசம்பர் 26 எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். கடல் உள்ளுக்கு வருகுதாம் எண்டு சனம் காலி வீதிப் பக்கம் ஓடேக்க நான் அண்ணாவின்ர கையைப் பிடிச்சிருந்தனான் எண்டு இண்டைக்கும் அந்தக் கைச்சூடு வரைக்கும் எனக்குத் தெரியும். அண்ணா அண்டைக்கு வீட்டிலயே இல்ல, நண்பர் வீட்டில நிண்டவர் எண்டு அம்மா சொல்லுறா, அண்ணாவும் அப்பிடித்தான் சொல்லுறார்.

ஏன் இப்பிடி நடக்குது? ஒரு ஞாபகத்தை எடுக்கிற ஒவ்வொரு தரமும் அத அலுமாரியில இருந்து எடுத்துப் பாத்திட்டு அப்பிடியே வைக்கிறேல்ல, திரும்பக் கட்டுறம். கரீம் நாடெர் 2000ஆம் ஆண்டு எலியளுக்கு ஒரு சத்தத்தோட பயத்தைப் பழக்கி, பேந்து அந்தச் சத்தத்தைக் கேக்க வச்சு ஞாபகத்தை எழுப்பின உடன அமிக்டலாவில புதுப் புரதம் உண்டாகாம தடுக்கிற மருந்து போட்டவர். பயம் இல்லாமப் போச்சு. சத்தம் கேக்க வைக்காம மருந்து மட்டும் போட்டா ஒண்டும் நடக்கேல்ல. அதாவது வெளிய எடுத்த ஞாபகம் கொஞ்ச நேரத்துக்கு இளகித்தான் கிடக்குது, அந்த நேரம் மற்றாக்கள் சொன்னது, டிவியில பாத்தது எல்லாம் அதுக்குள்ள போய் ஒட்டலாம். கேக்கிற சொல்லே மாத்தும். எலிசபெத் லொஃப்டஸ் 1974இல கார் விபத்துப் படம் ஒண்டக் காட்டி, ஒரு கூட்டத்திட்ட "மோதேக்க என்ன வேகம்" எண்டும் மற்றக் கூட்டத்திட்ட "அடிச்சு நொறுங்கேக்க என்ன வேகம்" எண்டும் கேட்டவ. கிழமை கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களோ எண்டா, நொறுங்கினது எண்டு கேட்ட 50 பேரில 16 பேர் ஓம் எண்டவை, மோதினது எண்டு கேட்டவையில 7 பேர். படத்தில கண்ணாடி உடையவே இல்ல. இத வச்சு ஒருத்தரும் உங்கட துன்பத்தைப் பொய் எண்டு சொல்ல ஏலாது, நடந்தது நடந்ததுதான், நான் சொல்லுறது அதின்ர ஓரங்களைப் பற்றி மட்டும்.

மூண்டு வயசுக்கு முந்தி ஏன் ஒண்டும் ஞாபகம் இல்ல?

ஹிப்போகாம்பஸ் அப்ப இன்னும் வளந்து முடியேல்ல, சம்பவத்தைக் கோத்து வைக்கிற மொழியும் இல்ல. கனபேருக்கு முதல் ஞாபகம் மூண்டு, மூண்டரை வயசுக்குக் கிட்டத்தான்.

சதாவதானி மாதிரி ஆக்களுக்கு மூளையே வேறயோ?

எங்கட புலோலியில பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எண்டு பேர் எடுத்தவர், ஒரே நேரத்தில நூறு விசயத்தில கவனம் வச்சுத் திரும்பச் சொல்லுற கலை அது. அவற்ற மூளையை ஒருத்தரும் ஸ்கேன் பண்ணேல்ல. ஆனா உலக ஞாபகப் போட்டிக்காரரை லண்டன்ல எலினோர் மக்வயர் ஸ்கேன் பண்ணிப் பாத்து 2003இல எழுதினவ, அவையின்ர மூளை கட்டமைப்பில வேறுபாடு இல்ல, அவை கனபேர் செய்யிறது தெரிஞ்ச ஒரு பாதையை மனசில நடந்து ஒவ்வொரு இடத்திலயும் ஒரு சாமானை வைக்கிறது. நீங்களும் செய்யலாம், உங்கட ஒழுங்கை முனையில இருந்து வீட்டு வாசல் வரைக்கும் நடங்கோ, மதில்ல ஒண்டு, கேற்றில ஒண்டு, படியில ஒண்டு.

வல்லாரை சாப்பிட்டா ஞாபகசக்தி கூடுமோ?

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கோ. ஞாபகம் கூடும் எண்டு உறுதியா சொல்லுற அளவுக்கு மனுசரில ஆதாரம் இல்ல. ஞாபகசக்தி மாத்திரை எண்டு விக்கிறதுகளுக்கு காசு குடுக்க வேண்டாம், அந்தக் காசில அப்பாவின்ர காதை டெஸ்ட் பண்ணுங்கோ. ஏன் காது எண்டா, 2024இல லான்செட் எண்ட மருத்துவச் சஞ்சிகையின்ர ஆணைக்குழு டிமென்சியா எண்ட மறதி வருத்தத்துக்கு நாங்கள் மாத்தக்கூடிய 14 காரணங்களைச் சொல்லி, அதுகளை எல்லாம் கவனிச்சா கிட்டத்தட்ட 45 வீதமான டிமென்சியாவைத் தடுக்கலாம் அல்லது பிந்த வைக்கலாம் எண்டு எழுதினது. அதில காது கேளாமை பெரிய ஒண்டு, அதோட சீனி வருத்தம், பிரசர், கொலஸ்ட்ரோல், சிகரெட், தனிமை. கொழும்புத் தொடர்மாடியில பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தனிய இருக்கிற வயசானவையை நினைச்சா, அந்தக் கடைசி ஒண்டுதான் எனக்கு முதல்ல வருது.

எது சாதாரண மறதி, எப்ப டொக்டரிட்டக் காட்ட வேணும்?

திறப்பை எங்க வச்சன் எண்டு தேடுறது சாதாரணம். திறப்பைக் கையில வச்சுக்கொண்டு இது எதுக்கு எண்டு யோசிச்சா காட்டுங்கோ. முப்பது வருசம் வைக்கிற சொதியில படிமுறை தடுமாறுறது, தெரிஞ்ச ஒழுங்கையில வழி மாறுறது, அஞ்சு நிமிசத்துக்குள்ள அதே கேள்வி, காசுக் கணக்குப் பிழைக்கிறது, இதுகளைத் தள்ளிப் போடாதேங்கோ. தைரொயிட், பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளாலயும் மறதி வரும், அதுகளுக்கு வைத்தியம் இருக்கு, அத முதல்ல பாக்க வேணும். திடீரெண்டு ஒரு நாளில குழம்பினா அது அவசரம், உடன ஆஸ்பத்திரி. மருதானைப் பக்கம் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசன் இருக்கு, பாத்துக்கொள்ளுற ஆக்களும் போய்க் கதைக்கலாம்.

அதோட ஒரு வேண்டுகோள், "அறளை பேந்திட்டுது" எண்டு அவைக்கு முன்னால சொல்லாதேங்கோ. அது மூளையில வாற வருத்தம். அலொய்ஸ் அல்சைமர் 1906இலயே மூளைக்குள்ள படிவுகளும் சிக்கின நாரும் இருக்கிறதைக் காட்டினவர்.

காலமை சாப்பிட்டது ஞாபகம் இல்ல, அறுபது வருசத்துக்கு முந்தின கதை எல்லாம் சொல்லுறா. நடிக்கிறாவோ?

இல்ல, இல்ல. அல்சைமர் வருத்தம் ஆரம்பத்திலயே தாக்குறது ஹிப்போகாம்பஸையும் அதுக்குப் பக்கத்துப் பகுதியையும்தான். காலமைச் சாப்பாடு பதியவே இல்ல, பதியாதத எப்பிடி எடுக்கிறது? பழைய கதையள் எப்பவோ மேற்பட்டைக்குப் போய் உறைஞ்சுது. புதுசு முதல் போகும் பழசு கடைசியாப் போகும் எண்டு ரிபோ எண்ட பிரெஞ்சுக்காரர் 1881இலயே எழுதினவர். அம்மம்மா நாப்பது வருசம் சந்தையில சிங்களத்தில விலை பேசினவ, இப்ப அது இல்ல, அவவின்ர தமிழும் கொழும்புத் தமிழ் இல்ல, சின்ன வயசு ஊர்த் தமிழ். தேவாரம் தொடங்கிக் குடுத்தா முடிவு வரைக்கும் ஒரு சொல் பிசகாம பாடுவா.

திரும்பத் திரும்பக் கேட்டா ஞாபகம் வரும் எண்டு "நான் ஆர் தெரியுதோ?" எண்டு கேக்கிறம். சரியோ?

மேல பிள்ளையளிட்டக் கேள்வி கேளுங்கோ எண்டு எழுதின நான்தான் இங்க கேக்காதேங்கோ எண்டு சொல்லுறன். பிள்ளையின்ர மூளையில எடுக்க எடுக்க சினாப்ஸ் பலக்கும், திருத்தினா நிக்கும். அம்மம்மாவின்ர மூளையில திருத்தினது நிக்காது, தோத்த உணர்வு மட்டும் நிக்கும். இது வெறும் அனுதாபத்தில சொல்லுறது இல்ல. ஹிப்போகாம்பஸ் பாதிச்ச ஆக்களுக்கு அயோவா பல்கலைக்கழகத்தில கவலையான படத்துண்டுகள் காட்டிப் பாத்தவை, 2010இல வெளிவந்தது. கொஞ்ச நேரத்தில படம் மறந்து போச்சு, கவலை போகேல்ல. 2014இல அல்சைமர் உள்ள ஆக்களிலயும் அதேதான் கண்டவை. ஏன் கவலையா இருக்கிறம் எண்டே தெரியாம கவலையா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்.

நாங்களும் முதல் ரெண்டு வருசம் கேட்டனாங்கள். ரொறொன்ரோவில இருக்கிற சித்தி ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில வந்து "அம்மா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" எண்டுவா, அம்மம்மா போனைப் பாப்பா, எங்களைப் பாப்பா, ரெண்டு நிமிசத்தில போனைத் தந்திட்டு அறைக்குள்ள போயிடுவா, பின்னேரம் முழுக்கச் சாப்பிட மாட்டா. இப்ப சித்தி தொடங்கிறதே "அம்மா, நான் உங்கட ரெண்டாவது மகள், ரொறொன்ரோவில இருந்து எடுக்கிறன், இங்க சரியான குளிர்" எண்டுதான். அம்மம்மா "குளிருக்கு தலையை மூடு பிள்ளை" எண்டு சொல்லிட்டுத் தன்ர சின்ன வயசுக் கிணத்தடியைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவா, போன ஞாயிறு இருபது நிமிசம் கதைச்சவ.